மலத்தை அடக்கும் மகனும் ஃப்ராய்டு பாடமும்

வாசகி கேள்வி: நான் பி.எட். படிக்கிறேன். மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம், மகளுக்கு ஐந்து மாதம். மகன் ஒன்றரை வயதிலேயே பாத்ரூமில் உட்காரப் பழகிவிட்டான். என் அத்தைதான் (மாமியார்) பழக்கினார். ஜட்டியில் போய்விட்டால் திட்டுவார், ‘சூடு வைப்பேன்’ என்பார். நானும் இரண்டு முறை தொடையில் அடித்திருக்கிறேன். மகளை ஏழு மாதம் சுமந்திருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வந்து, மலம் இறுகி, ரத்தம் கசிந்தது. அன்றிலிருந்து அடக்க ஆரம்பித்தான். இப்போது நான்கு நாளைக்கு ஒருமுறைதான் போகிறான். வயிறு முட்டினால் பீரோவுக்குப் பின்னால் போய், நுனிக்காலில், முகம் சிவக்க நிற்கிறான். டயப்பர் கட்டினால் மட்டும் போகிறான். ஜட்டியில் அடிக்கடி கறை. என் பழைய சேலைத் துண்டு ஒன்றை எந்நேரமும் கையில் வைத்திருக்கிறான். வகுப்பில், மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் ‘குத நிலை’ (குழந்தையின் இன்பம் ஆசனவாயில் மையம் கொள்ளும் கட்டம்) நடத்தியபோது, கழிப்பறைப் பழக்கத்தில் கண்டிப்புக் காட்டினால் பிள்ளை கஞ்சனாக, பிடிவாதக்காரனாக வளர்வான், ஆறு வயதுக்குமேல் அது மாறாது என்று நோட்ஸ் கொடுத்தார்கள். அன்று போன தூக்கம் இன்னும் வரவில்லை. அவன் குணத்தை நாங்களே கெடுத்துவிட்டோமா? ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகனின் குணம் கெட்டுப்போகவில்லை. அவனுக்கு வலித்தது, இன்னமும் வலிக்கிறது. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்களும் அத்தையும் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிற பலவும் வலிக்குப் பயந்த ஒரு குழந்தை தன்னைக் காத்துக்கொள்கிற வேலைதான். நோட்ஸில் நீங்கள் படித்ததை ஃப்ராய்டு அப்படியே எழுதவில்லை. அவர் பெயரில் பின்னால் சேர்ந்தவை அதில் நிறைய உண்டு. உடல் கதை, மனக்கதை இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி குறையும். ஆனால் வைத்தியம் இரண்டுக்கும் சேர்த்தே நடக்க வேண்டும்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது பாடம்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். குழந்தைக்கு வாய், குதம், பிறப்புறுப்பு என்று இன்பத்தின் மையம் வளர வளர இடம் மாறுகிறது என்ற எண்ணத்துக்கு அடிப்படை, ஃப்ராய்டு 1905இல் வெளியிட்ட பாலுணர்வு பற்றிய மூன்று கட்டுரைகள். அந்தப் பதிப்பில் இன்றைய பாடப்புத்தக அட்டவணை கிடையாது. குத நிலையைத் தனியான ஒரு கட்டமாக அவர் எழுதியது 1913இல். அதையும் வாய் நிலையையும் மூன்று கட்டுரைகளுக்குள் சேர்த்தது 1915 பதிப்பில். பிறப்புறுப்பை மையமாகக் கொண்ட லிங்க நிலை வந்தது 1923இல். தன் கருத்தை இருபது வருடம் திருத்திக்கொண்டே வந்த ஒருவரின் எழுத்தை ஐந்து கட்டமுள்ள ஒரு அட்டவணைக்குள் அடக்கியதால், ஏதோ மாற்ற முடியாத விதிபோல அது தெரிகிறது.

ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் என்று நோட்ஸில் இருக்கும் மூன்று குணங்களும் 1908இல் அவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையிலிருந்து வந்தவை. அதில் அவர் சொன்ன காரணத்தை நோட்ஸ் எழுதியவர் விட்டுவிட்டார். இந்த மூன்றும் சேர்ந்து காணப்படுகிறவர்களுக்குக் குதப் பகுதியின் உணர்வு பிறவியிலேயே வலுவாக இருந்திருக்கும் என்பதே ஃப்ராய்டின் ஊகம். தாய் கண்டித்துப் பழக்கியதால் பிள்ளைக்கு இந்தக் குணம் வந்தது என்று அவர் அங்கே குற்றம் சாட்டவில்லை. சீக்கிரமாகவும் கட்டாயமாகவும் பழக்குவது குணத்தில் தடம் பதிக்கும் என்று அழுத்திச் சொன்னவர் அவருடைய சீடர் கார்ல் ஆபிரகாம், 1921இல். பிற்காலப் பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘கண்டிப்பு போட்டால் கஞ்சன்’ என்ற ஒற்றை வரியாக்கிவிட்டன.

அந்த வரி சோதனையிலும் நிற்கவில்லை. ஹல்லா பெலாஃப் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வை 1957இல் வெளியிட்டார். ஒழுங்கும் சிக்கனமும் பிடிவாதமும் சிலரிடம் ஒன்றுசேர்ந்து இருப்பது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் எப்போது, எப்படிக் கழிப்பறைப் பழக்கம் வந்தது என்பதோடு அவற்றுக்குத் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது தாயிடம் அதே குணங்கள் இருந்ததோடுதான். ஃபிஷர், கிரீன்பெர்க் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1977இல் அலசியபோதும் கிட்டத்தட்ட இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். குணங்களின் தொகுப்பு உண்டு, கழிப்பறைக் காரணத்துக்குச் சான்று இல்லை. ஆகவே இரண்டு அடியும் நாலு திட்டும் உங்கள் மகனின் முப்பது வயதைத் தீர்மானித்துவிடாது. அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. அடி வேறொரு வகையில் கெடுதல் செய்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு உளப்பகுப்பாய்வைத் தூக்கிப் போடச் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் மகனைப் புரிந்துகொள்ள அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. குறிப்பாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு தகவல் என்னை நிறுத்தியது. மகளைச் சுமந்திருந்த ஏழாம் மாதத்தில் தொல்லை ஆரம்பித்திருக்கிறது.

குழந்தைகள் பிறப்பைப் பற்றித் தாங்களே கதை கட்டிக்கொள்வார்கள் என்று ஃப்ராய்டு 1908இல் எழுதினார். அவற்றில் ஒன்று, பாப்பா வயிற்றுக்குள் இருக்கிறது, ஆகவே ஆய் வருகிற வழியாகத்தான் அதுவும் வரும் என்பது. அடுத்த வருடம் அவர் வெளியிட்ட ‘குட்டி ஹான்ஸ்’ என்ற சிறுவனின் சிகிச்சை வரலாற்றில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அந்தப் பையனுக்குத் தங்கை பிறந்தபோது வயது மூன்றரை. மலத்துக்குத் தன் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதையும் தங்கையையும் ஒன்றாகப் போட்டுப் பேசினான். (அந்தச் சிகிச்சையை நடத்தியவர் பையனின் அப்பாதான். அந்த நாட்களில் ஃப்ராய்டு அவனை உட்கார வைத்துப் பேசியது ஒரே ஒருமுறை. குழந்தைப் பருவம் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி, பெரியவர்களின் நினைவுகளிலிருந்தும் கனவுகளிலிருந்தும் பின்னோக்கி ஊகித்தது. இதைத் தேர்வில் ஒரு குறையாக எழுதலாம்.) உங்கள் மகன் இப்படித்தான் நினைக்கிறான் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் வயிறு பெரிதாகிக்கொண்டே போவதையும், பெரியவர்கள் ‘பாப்பா வயித்துல இருக்கு’ என்று சொல்வதையும் கேட்ட ஒரு மூன்று வயதுப் பையனுக்கு, அதே மாதத்தில் தன் வயிற்றிலிருந்து கெட்டியாக ஒன்று ரத்தத்தோடு வெளியே வந்தால் என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வாக்கியத்தில் அந்தக் குழப்பத்தை நீக்கிவிடலாம், செலவும் கிடையாது. குளிப்பாட்டும்போதோ பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதோ, அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: “பாப்பா இருந்தது அம்மா வயித்துக்குள்ள தனியா ஒரு பையில. சாப்பாடு போற குழாய் வேற. உன் வயித்துல இருக்கறது நீ சாப்பிட்ட சாப்பாட்டோட மிச்சம், அதுல பாப்பா கிடையாது.” ஒரே நாளில் பாடமாக நடத்தாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்று எரிக் எரிக்சன் என்ற உளப்பகுப்பாய்வாளர் சொன்னது. 1950இல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்த வயதின் போராட்டத்துக்குத் தன்னாட்சியா, வெட்கமும் ஐயமுமா என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை குழந்தை புதிதாகக் கற்கும் திறமை பிடித்துவைப்பதும் விட்டுவிடுவதும். கையில் உள்ள பொருளானாலும் மலமானாலும் இதே கதைதான். ‘இதை நான் செய்கிறேன்’ என்று அது சொல்லுமிடத்தில் பெரியவர் கையைப் பிடுங்கினாலோ, நாலு பேர் முன்னால் கேலி செய்தாலோ, தன் உடம்பின்மீதே அதற்குச் சந்தேகம் வந்துவிடும். அடியும் சூடு மிரட்டலும் செய்கிற கெடுதல் இங்கேதான். வருங்காலக் கஞ்சத்தனம் பற்றிய கவலையை விடுங்கள். இப்போது, இன்றைக்கு, ‘என் உடம்புக்குள் நடப்பதை அம்மாவிடம் சொல்வது ஆபத்து’ என்று அவன் கற்றுக்கொள்கிறான். அதனால்தான் பீரோவுக்குப் பின்னால் போகிறான்.

இனி உடல். மலக்குடலில் மலம் இறங்கியதும் அதன் சுவர் விரிந்து ‘போக வேண்டும்’ என்ற உணர்வு வரும். ஒருமுறை கிழிந்து வலித்த குழந்தை அந்த உணர்வு வந்தவுடன் தொடையை இறுக்கும், பின்பக்கத்தை நெருக்கும், நுனிக்காலில் நிற்கும், வியர்க்கும். பார்ப்பவர்கள் முக்குகிறான் என்று நினைப்பார்கள். உண்மையில் அவன் வெளியேறவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறான். சில நிமிடத்தில் அந்த உணர்வு அடங்கிவிடும், ஆனால் உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலாம் நாள் வருவது முன்னதைவிடப் பெரிது, முன்னதைவிடக் கெட்டி. மறுபடி வலி. மாதக்கணக்கில் இப்படிப் போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதே தெரியாத அளவுக்கு மந்தமாகிவிடும். கெட்டி மலத்தைச் சுற்றி இளகிய மலம் கசிந்து ஜட்டியில் படும். உங்கள் மகனின் கறை பெரும்பாலும் இதுதான். அது வருவது அவனுக்கே தெரியாது. அதற்காகத் திட்டினால், தெரியாமல் நடந்ததற்கு வாங்கிய திட்டு என்பதால் அவனுக்குக் குழப்பம் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே முதல் வேலை குழந்தை மருத்துவர். மனநல ஆலோசனையை அங்கிருந்து தொடங்கக் கூடாது. மலம் கெட்டியாக இருக்கும்வரை எந்தப் பேச்சும் பலிக்காது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மலம் கட்டியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கட்டியிருந்தால் முதலில் அதை வெளியேற்ற வேண்டும். இதற்குப் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைகால் தூளைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம், மூன்று முதல் ஆறு நாள். அதன்பின் கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் தொடங்கி, மலம் தினமும் வாழைப்பழப் பதத்தில் வரும்படி கூட்டிக் குறைப்பார்கள். அந்தத் தூள் கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ் சிரப். உங்கள் மகனுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே எடை பார்த்து முடிவு செய்யட்டும், கடையில் கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள். எண்களை நான் சொல்வதற்குக் காரணம், பெற்றோர் செய்கிற பெரிய தவறு அளவிலும் காலத்திலும்தான் நடக்கிறது என்பது. நாலு நாள் நன்றாகப் போனதும் ‘பழகிப் போயிடும்’ என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். அடுத்த வாரம் ஒரு கெட்டி மலம், ஒரு வலி, எல்லாம் பழையபடி. இந்தத் தூள் குடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். உடம்பு அதற்கு அடிமையாவதில்லை. குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். எல்லாத் தொல்லையும் நின்று ஒரு மாதம் ஆன பிறகே, அதுவும் மெல்ல மெல்ல, குறைக்க வேண்டும். விரிந்த மலக்குடல் சுருங்கிப் பழைய உணர்வு திரும்ப அவ்வளவு காலம் பிடிக்கும்.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது போன்ற வீட்டு வைத்தியம் செய்து வந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உடல்ரீதியாக எரிச்சல் தரும் என்பது ஒரு பக்கம். ‘அந்த இடத்துக்கு யாரோ வலுக்கட்டாயமாக வருவார்கள்’ என்ற பயத்தோடு அடக்குகிற குழந்தைக்கு அது பயத்தை உறுதிப்படுத்தும். மருத்துவர் எனிமா தேவை என்று சொன்னால் மட்டும், அவர் சொல்லும் முறையில்.

பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகே முதல் மலம் போனது, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி, எடை ஏறாமை, நாடாபோல் மெலிந்த மலம், கால் பலவீனம், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது காரணம் வேறாக இருக்கலாம்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி வேண்டாம். பாலை ஒரு நாளைக்கு 400 மில்லிக்குள் நிறுத்துங்கள். பால் குடித்தே வயிறு நிறைந்த பிள்ளை நார்ச்சத்துள்ள எதையும் தொடாது. நார்ச்சத்துக்கு வயதோடு ஐந்தைக் கூட்டினால் வருவது ஒரு தோராயக் கணக்கு, அதாவது இவனுக்கு எட்டு ஒன்பது கிராம். ஒரு சிறிய கொய்யா, ஒரு கரண்டி கீரைக் கூட்டு, அரைக் கிண்ணம் சுண்டல் இருந்தாலே அந்த அளவு எட்டிவிடும். தண்ணீர், மோர், ரசம், பால் எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லிட்டர் உள்ளே போகட்டும். ஆனால் இந்த நிலைக்கு வந்த குழந்தைக்கு உணவு மட்டும் போதாது. மருந்தை விட்டுவிட்டுக் கீரையை மட்டும் நம்பினால் மாதங்கள் வீணாகும்.

இப்போது பழக்கம். மலம் இளகிய முதல் இரண்டு வாரம் கழிப்பறைப் பேச்சையே எடுக்காதீர்கள். ‘ஆய் வருதா? போறியா?’ என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். அந்தக் கேள்வியை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். டயப்பர் கேட்டால் கொடுங்கள். டயப்பர் பின்வாங்கல் இல்லை. வலியில்லாமல் மலம் போவதை அவன் உடம்பு பத்து இருபது முறை அனுபவித்தால்தான் பயம் குறையும், அது எங்கே போனாலும் சரி. ஒருமுறை மட்டும், உட்கார்ந்து கண்ணைப் பார்த்து, இப்படிச் சொல்லுங்கள்: “முன்னாடி உனக்கு வலிச்சுது. அப்போ அம்மாவும் பாட்டியும் திட்டினோம், அடிச்சோம். அது தப்பு. இனிமே யாரும் திட்ட மாட்டாங்க. ஆய் உன்னோடது. எப்போ போகணும்னு நீ சொல்லு, அம்மா கூட வரேன்.” சொன்ன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

மூன்றாம் வாரத்திலிருந்து இடத்தை மட்டும் மாற்றுங்கள். பீரோவுக்குப் பின்னால் டயப்பரில் போகிறவன், டயப்பரோடு பாத்ரூமில் நின்று போகட்டும். அது நாலைந்து முறை சுலபமாக நடந்தால், டயப்பரோடு ‘பாட்டி சேர்’ (potty chair) என்ற குழந்தைக் கழிப்பறை நாற்காலியில் உட்காரட்டும். (கடைகளில் இந்தப் பெயரில் கேட்டால் கிடைக்கும். விலை குறைந்ததே போதும், ஆடாமல் இருந்தால் சரி.) அடுத்து டயப்பரை ஒட்டாமல் தளர்த்தி வைத்து, அதன்பின் சேரின் கிண்ணத்துக்குள் விரித்து வைத்து, கடைசியாக எடுத்துவிடலாம். ஒரு படி மறுத்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள், வருத்தம் காட்டாமல். சில பிள்ளைகள் மூன்று வாரத்தில் கடந்துவிடும், சிலவற்றுக்கு மூன்று மாதம்.

உட்காரும் நேரத்துக்கு உடம்பே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் பிறகு கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பாதம் தரையிலோ ஒரு மணையிலோ அழுந்தி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து இருக்க வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது, மேற்கத்தியக் கழிப்பறையில் பிள்ளைகள் திணறுவதற்கு இது முக்கியக் காரணம். நம் தரைக் கழிப்பறையில் உட்காரும் நிலை நன்றாக அமையும். ஆனால் கால் வைக்கும் இடம் சின்னப் பிள்ளைக்கு அகலம் அதிகம், குழிக்குள் விழுந்துவிடுவோம் என்ற பயமும் உண்டு. தண்ணீர் ஊற்றும் சத்தமும் தன் உடம்பிலிருந்து வந்தது காணாமல் போவதும் சில குழந்தைகளை உலுக்கிவிடும். மலம் குழந்தைக்குத் தன் உடம்பின் ஒரு பகுதி, அது தருகிற முதல் பரிசு என்று ஃப்ராய்டு 1917இல் எழுதினார். அதை அருவருப்போடு வாரிக் கொட்டாமல், “தண்ணி நீ ஊத்தறியா, அம்மா ஊத்தட்டுமா?” என்று கேட்பது அந்தக் கருத்துக்கு நல்ல நடைமுறை. போன் கொடுத்து அரை மணி உட்கார வைக்காதீர்கள். மலக்குடல் சொல்வதை அவன் கவனிக்க வேண்டிய நேரம் அது.

பரிசு கொடுக்க ஆசைப்பட்டால் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள், மலம் வந்ததற்கு வேண்டாம். வந்ததற்குக் கொடுத்தால் வராத நாள் தோல்வியாகிவிடும், மறுபடி அது உங்களுக்கும் அவனுக்கும் நடுவே பேரம் ஆகிவிடும். வந்த நாளில் வீடே கைதட்டிக் கொண்டாடுவதும் அப்படித்தான். ‘சரி, வந்துடுச்சா, கை கழுவலாம்’ என்ற அளவு போதும். ஜட்டியில் கறை பட்டால் முகம் சுளிக்காமல் கழுவி, ஜட்டியை அவனே வாளியில் போடட்டும். தண்டனையாக இல்லாமல் அவன் பங்காக. பகலில் சப்பாத்தி மாவு, களிமண், ஈர மணல் என்று பிசைந்து கொட்டி விளையாட விடுங்கள். இந்த வயதில் அழுக்கை அளைய வேண்டிய ஆசை எங்காவது தீர வேண்டும். பாப்பா வந்த வீட்டில் ‘தொடாதே, அழுக்கு’ என்ற சொல் அளவுக்கு மிஞ்சிப் புழங்குவதால் இதைச் சொல்கிறேன்.

அத்தை விஷயம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் இந்தத் திட்டம் ஒரு வாரம் தாங்காது, ஏனென்றால் நீங்கள் வகுப்புக்குப் போகும் நேரத்தில் பிள்ளை அவரிடம்தான் இருக்கிறான். நம் வீடுகளில் கைக்குழந்தையைக் காலில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துப் போக வைக்கிற பழக்கம் காலங்காலமாக உண்டு. அது நல்ல பழக்கம், சீக்கிரம் பழக்குவது தன்னளவில் கெடுதல் இல்லை. கெடுதல் செய்தவை மிரட்டலும் அடியும். ஆகவே ‘நீங்க பண்ணதுதான் தப்பு’ என்று ஆரம்பிக்காமல், மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மலக்குடல் விரிந்திருப்பதை மருத்துவர் வாயால் கேட்டால் ‘அடம்’ என்ற எண்ணம் தானாக மாறும். பிறகு அவருக்கென்று ஒரு பொறுப்பு கொடுங்கள். காலை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது. கதை மட்டும், ஆய் பற்றிய பேச்சு இல்லை.

சேலைத் துண்டைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாங்குவதற்குக் குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் இப்படிப்பட்ட பொருளைப் பற்றி, குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த வின்னிகாட் 1951இல் பேசினார். அடிக்கடி துவைக்கவும் வேண்டாம், அந்த வாசனைதான் அதன் உயிர். பாப்பா உங்கள் மடியில் இருக்கும் இந்த மாதங்களில் அவனுக்கு அது தேவை. பள்ளிக்குக் கொடுத்தனுப்ப ஒரு சிறு கீற்றை வெட்டிப் பையில் வைக்கலாம், ஆனால் அவனிடம் கேட்டுவிட்டு. தினமும் பதினைந்து நிமிடம் பாப்பாவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அவனோடு மட்டும் விளையாடுங்கள், என்ன விளையாட்டு என்பதை அவன் சொல்லட்டும்.

ஜூனுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று நாள் குறிக்காதீர்கள். ஆசிரியையிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் பேசுங்கள். கேட்டவுடன் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும், கறை பட்டால் மற்றப் பிள்ளைகள் முன் சொல்லக் கூடாது, பையில் மாற்று ஜட்டி இரண்டு இருக்கும். பள்ளிக் கழிப்பறையை ஒருநாள் முன்பே கூட்டிப்போய்க் காட்டுங்கள். காலை உட்காரும் ஐந்து நிமிடத்துக்கு இடம் வைத்து எழுப்புங்கள், அவசரத்தில் அதைத் தவிர்த்த வாரங்களில்தான் மலம் திரும்ப இறுகும்.

நான்கு வயதுக்கு முன் ஜட்டியில் மலம் போவதை மனநல வகைப்பாடுகள் நோயாகக் கணக்கிடுவதில்லை. மலம் இளகி மூன்று மாதம் ஆன பிறகும் அடக்குவது குறையாவிட்டால், அல்லது பேச்சு வளர்ச்சி, பிறரோடு பழகுவது, சத்தம், தொடுகை என்று வேறு கவலைகளும் சேர்ந்து இருந்தால், குழந்தை உளவியலாளரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

தேர்வுக்கு: ஐந்து நிலைகளையும் வயதோடு எழுதுங்கள், வினாத்தாள் அதைத்தான் கேட்கும். வாய் நிலை பிறப்பிலிருந்து ஒன்றரை வயதுக்குள், குத நிலை மூன்று வரை, லிங்க நிலை ஆறு வரை, உள்ளுறை நிலை பருவமடையும் வரை, அதன்பின் பாலுறுப்பு நிலை. புத்தகத்துக்குப் புத்தகம் எல்லை ஆறு மாதம் முன்னே பின்னே இருக்கும். விமர்சனப் பகுதியில், முடிவுகள் பெரியவர்களின் நினைவிலிருந்து ஊகித்தவை, குத நிலைக் குணங்களுக்கும் பழக்கிய முறைக்கும் சான்று கிடைக்கவில்லை, எரிக்சன் கவனத்தை உறுப்பிலிருந்து உறவுக்கு மாற்றினார், வளர்ச்சியை ஆறு வயதோடு முடிக்காமல் முதுமைவரை எட்டு நிலையாக நீட்டினார் என்ற நாலு கருத்தையும் சேர்த்தால் விடை முழுமையாகும்.

கடைசியாக உங்களைப் பற்றி. ஐந்து மாதக் குழந்தை, படிப்பு, போன தூக்கம், ‘கெடுத்துவிட்டோமா’ என்று திரும்பத் திரும்ப வருகிற எண்ணம். பாப்பா தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் விருப்பமில்லாமல், காரணமின்றி அழுகை வந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பாடத்தால் வந்த கவலை மட்டுமாக இருக்காது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு வருடம்வரை தலைகாட்டலாம், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு, பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. மகனுக்காக மருத்துவரிடம் போகிற அன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள். அதற்குமுன் யாரிடமாவது பேசத் தோன்றினால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.